திரைப்படக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்: சுசுகி செய்ஜூனுக்கு ஒரு மாலைக் காட்சி

திரைப்படக் கழகங்களில் படங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஜப்பானியப் படங்களுக்கென நீங்கள் ஒதுக்கும் நாட்களில் குரோசவா, ஓசு, மிசோகுச்சி ஆகியோரின் படங்களைத் தவறாமல் வந்து பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் சுசுகி செய்ஜூனின் 'டோக்கியோ டிரிஃப்டர்' (1966) படத்துக்கும் இடம் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அடியாட்களைப் பற்றிய வணிகப் படம்தானே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். கதை பழையதுதான். தொழிலைக் கைவிட்டு நேர்வழிக்கு வந்துவிட்ட தலைவர் குராதாவுக்குத் தன்னால் தொல்லை நேரக்கூடாது என்று, அவரிடம் அடியாளாக இருந்த நாயகன் டெட்சு டோக்கியோவை விட்டு வெளியேறி ஊர் ஊராக அலைகிறான். கடைசியில் அந்தத் தலைவரே அவனைக் காட்டிக்கொடுக்கிறார். நிக்காட்சு என்ற ஜப்பானியத் திரைப்பட நிறுவனம் இத்தகைய கதைகளை, இரட்டைக் காட்சியில் முதன்மைப் படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்காக விரைவாகவும் சிக்கனமாகவும் தயாரித்துவந்தது. 1956 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் சுசுகி அங்கே ஏறத்தாழ 40 படங்களை இயக்கினார்.

கையில் கொடுக்கப்பட்ட பழைய கதையை அவர் நிறத்தால் புதிதாக்கினார். வெண்மை கண்ணைக் கூசவைக்கும் கறுப்பு வெள்ளையில் படம் தொடங்குகிறது. அதற்குள் திடீரென ஒரு துப்பாக்கி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. பிறகு முழு வண்ணம் விரிகிறது. வெளிர்நீல உடையில் டெட்சு தன் பாடலைத் தானே பாடியபடி பகைவர் நடுவே வருகிறான். (பாட்டோடு வரும் நாயகனை நம் பார்வையாளருக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை.) கலை இயக்குநர் கிமுரா தாகேயோ அமைத்த இரவு விடுதி, இறுதி மோதலின்போது சுவரும் தரையும் பிரித்தறிய முடியாத வெண்வெளியாகிவிடுகிறது. அங்கே நடப்பது சண்டை என்பதைவிட நடனம் என்பதே பொருந்தும்.

இந்தத் துணிவை நிறுவனம் விரும்பவில்லை. அதன்பின் அங்கே அவர் எடுத்த இரண்டு படங்களும் கறுப்பு வெள்ளையில்தான் அமைந்தன. இரண்டாவதான 'பிராண்டட் டு கில்' (1967) வெளியான மறு ஆண்டு, புரியாத படங்களை எடுக்கிறார் என்று சொல்லி நிறுவனத் தலைவர் ஹோரி கியுசாகு அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

உங்களுக்கு நான் எழுதுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆண்டு சுசுகியின் படங்களைத் தொடர்ச்சியாகத் திரையிட டோக்கியோவில் ஒரு திரைப்படக் கழகம் முயன்றது. பிரதிகளைத் தர நிறுவனம் மறுத்தது. மாணவர்களும் திரைக்கலைஞர்களும் அவருக்காகத் தெருவில் இறங்கினார்கள். சுசுகி தொடுத்த வழக்கு 1971இல் சமரசத்தில் முடிந்தது என்றாலும், 1977 வரை அவரால் இன்னொரு திரைப்படத்தை இயக்க முடியவில்லை. 1980இல் அவருடைய 'சிகோய்னர்வைசன்' படத்தைத் தயாரிப்பாளர் அராதோ கென்ஜிரோ கூடாரம் அமைத்துத் திரையிட்டார். பெரிய அரங்குகள் கதவடைத்த காலத்தில் உங்களைப் போன்ற பார்வையாளர் அமைப்புகளே இந்த இயக்குநரின் பக்கம் நின்றன.

ஆகவே என் வேண்டுகோள் இது. 'டோக்கியோ டிரிஃப்டர்' படத்தை, வண்ணம் மங்காத பிரதியில், பக்கவாட்டில் வெட்டாமல், அகலத்திரையின் முழு அளவில் காட்டுங்கள். ஏறத்தாழ 80 நிமிடங்களே ஓடும் படம் என்பதால், கூட்டம் குறைந்த காலை வேளையில் அதை ஒதுக்கிவிடாமல் மாலைக் காட்சியாக வையுங்கள். பின்னர் பேசுவதற்கும் நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களின் நெடுநாள் பார்வையாளர்