சான் ஹோசே 20 லட்சமா, 10 லட்சமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிலிக்கான் பள்ளத்தாக்குக் கட்டுரையில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரின் மக்கள்தொகை 20 லட்சம் என்று வந்திருக்கிறது. நகரத்தில் இருப்பவர்கள் அதில் பாதிதான்: 2020 கணக்கெடுப்பில் 10,13,240 பேர். அந்த 20 லட்சம், ‘சான் ஹோசே–சன்னிவேல்–சான்டா கிளாரா’ என்ற பெருநகரப் புள்ளியியல் பகுதியின் கணக்கு. பெயரில் சான் ஹோசே முதலில் நிற்பதால் வரும் குழப்பம் இது.

அமெரிக்காவில் இந்தப் பகுதிகளை ஊர் ஊராகச் சேர்ப்பதில்லை, முழுக் கவுண்டியாகவே (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சேர்க்கிறார்கள். நடுவில் குறைந்தது 50,000 பேர் வாழும் நகர்ப்பரப்பு இருக்க வேண்டும். பக்கத்துக் கவுண்டியில் வசிக்கும் உழைப்பாளர்களில் கால்வாசிப் பேராவது மையக் கவுண்டிக்கு வேலைக்குப் போய்வந்தால் அந்தக் கவுண்டியும் உள்ளே வந்துவிடும். சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியோடு தெற்கே சான் பெனிட்டோ கவுண்டி சேர்ந்திருப்பது இப்படித்தான். பரப்பில் அது சான்டா கிளாராவைவிடச் சற்றுப் பெரியது. ஆட்களோ 64,209 பேர்தான். கோவையை இதே முறையில், மாவட்டக் கணக்கில் அளந்தால் வால்பாறைத் தேயிலைத் தோட்டமும் ஆனைமலைக் காடும் ‘கோவைப் பெருநகர்’ ஆகிவிடும்!

அதனால்தான் கட்டுரையின் மக்கள் அடர்த்திக் கணக்கும் தடுமாறுகிறது. சான்டா கிளாரா கவுண்டியின் கிழக்குப் பகுதி முழுக்க டயாப்லோ மலைத்தொடர். லிக் வானாய்வகம் இருக்கும் ஹாமில்டன் மலையைத் தாண்டினால் மேய்ச்சல் நிலம்தான். இரண்டு கவுண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 7,000 சதுர கி.மீ.; சதுர கி.மீ.க்குச் சராசரி 290 பேர்கூட வராது. சான் ஹோசே நகருக்குள் அதுவே 2,000-ஐத் தாண்டும்.

ஃப்ரீமாண்ட் தமிழர்களையும் கட்டுரையாளர் இதில் சேர்த்திருக்கிறார். மில்பிடாஸிலிருந்து வடக்கே பார்ட் என்ற வட்டார ரயிலில் அடுத்த நிறுத்தமே ஃப்ரீமாண்டில்தான், உண்மை. ஆனால் அது அலமீடா கவுண்டி; புள்ளிவிவரத்தில் சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குள் போய்விடும்.

‘ஐடி ஊழியர்களின் ஊர்’ என்று ஒரே வரியில் முடித்ததும் சரியில்லை. கிழக்கு சான் ஹோசேயில் மெக்சிகோ வம்சாவளியினர், ஸ்டோரி சாலையில் வியட்நாமியர் கடைகள், தெற்கே கில்ராயில் பூண்டு வயல்கள். வடமுனையில் ஆல்விசோ என்றொரு பழைய துறைமுக ஊர். பழத்தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் பள்ளத்தாக்கே அமுங்கியது. சான் ஹோசே மையத்தில் மட்டும் சுமார் 13 அடி. ஆல்விசோ கடல் மட்டத்துக்கும் கீழே போய், தடுப்புக் கரைகளை நம்பி வாழ்கிறது. 1983இல் வெள்ளத்தில் மூழ்கியது. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிலத்தடியில் ஊறவிட்ட பிறகுதான் 1960களின் கடைசியில் அமுங்குவது ஏறக்குறைய நின்றது. பெருநிறுவன அலுவலகங்கள் ஆல்விசோவிலிருந்து சில கி.மீ. தூரம்தான்.

முழுப் பகுதிக்கும் ஒரே சராசரி தரும் வாடகைப் பத்தியில்தான் வாசகர்கள் ஏமாறக்கூடும். அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறையே நியாய வாடகை கணக்கிடும்போது சான் பெனிட்டோவைத் தனியாகப் பிரித்துவிடுகிறது. சான் பெனிட்டோவின் ஹாலிஸ்டர் ஊரில் வீடு மலிவு என்று குடியேறுபவர் தினமும் 25ஆம் எண் சாலையில் கில்ராய் வரை ஊர்ந்து, அங்கே 101ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். வேலைக்கு வருகிறவர்கள் பகுதிச் சராசரியை விட்டுவிட்டு கவுண்டி வாரியான அட்டவணையைப் பார்க்கட்டும்: சன்னிவேல், குப்பர்டினோ, மில்பிடாஸுக்கு சான்டா கிளாரா, ஃப்ரீமாண்டுக்கு அலமீடா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மில்பிடாஸ்