பதினொன்றாவது இலை

அன்புள்ள கமலி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் இந்நேரம் என்னைத் திட்டி நாலு கடிதம் வந்திருக்கும். ஆறு மாதமாக வாயைத் திறக்காததற்கு உண்டான வசவை அப்படியே கையில் வைத்துக்கொள். இன்னொரு குற்றமும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே திட்டிக்கொள்ளலாம்.

நீ செய்து கொடுத்த இலைத் தோரணத்தைப் பாழாக்கிவிட்டேன்.

மரங்கள் உதிர ஆரம்பித்ததும் வழக்கம்போலப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். நீ தீட்டிய சிவப்பெல்லாம் பழைய மருதாணி நிறத்துக்கு வந்துவிட்டது. அந்த ஆரஞ்சு இலை, அதற்காகத்தானே ராஜியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தாய், அது இப்போது என்ன நிறம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நூல் கட்டிய இடத்தில் நான் ஒட்டிய டேப் மஞ்சளாகிப் பிசுபிசுத்து, இலையோடு சேர்ந்து உரிந்து வந்தது. உன் மாவுப் பசையை ராமபாணப் பூச்சி ருசி பார்த்திருக்கிறது. 'காய்ச்சின பசைக்கு ஈடு உண்டா' என்று பெருமையடித்தாயே, பூச்சியும் அதைத்தான் சொல்கிறது.

வருடத்துக்கு இரண்டு மாதம்தானே ஜன்னலில் தொங்குகிறது என்று அசட்டையாக இருந்துவிட்டேன். வெயில் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இந்த வருடம் பட்டதோடு அடுத்த வருடம் படுவதும் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் பத்து மாதம் இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அருங்காட்சியகத்தில் காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்குப் போடுவார்கள். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நான் ஏழு வருடம் அதில் காயப் போட்டிருக்கிறேன். போதாக்குறைக்குச் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன். அது மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற காகிதம். மரத்தில் இருக்கிற லிக்னின் என்ற பொருள் உள்ளேயே கிடக்கும். தானும் பழுத்து, பக்கத்தில் இருப்பதற்கும் அமிலத்தைக் கொடுக்கும். தாள் பட்ட இலைகளிலெல்லாம் தேநீர் சிந்தியது மாதிரி கறை.

குற்ற உணர்ச்சியில் புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்தேன். கத்தரி ராணி என்று என்னை நீங்கள் எல்லோரும் எதற்குக் கேலி செய்தீர்கள் என்று முதல் நாளே புரிந்தது. பத்து இலை வெட்டினேன், பத்தும் வெற்றிலை.

அப்புறம்தான் மடிப்பு இலைக்கு வந்தேன். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீளமான விளிம்பிலிருந்து விசிறி மடிப்பாகக் கொண்டுபோக வேண்டும். முழுக்க மடித்ததும் பட்டையை நடுவில் வளைத்து, அந்த நீள விளிம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டினால், விரிக்கும்போது நடுநரம்பும் பக்க நரம்புகளும் தானாக வந்து நிற்கின்றன. கமலி, முதல் இலை விரிந்தபோது சமையலறையில் ஒரு கூச்சல் போட்டேன், வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். இதே மாதிரி சின்னதாக ஐந்து செய்து காம்பில் சேர்த்தால் மேப்பிள் இலை.

கனமான தாளில் மட்டும் மடிப்பு வெடித்து வெள்ளை தெரிந்தது. ஒரு துண்டை ஈரப்படுத்திப் பார், குழாய் மாதிரி சுருளும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் இழை ஓட்டம். அதன் போக்கிலேயே மடித்தால் தாள் சொன்னபடி கேட்கிறது, குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கிறது. நம் இருவரில் யார் குறுக்கு இழை என்று கேட்டு வம்புக்கு வராதே.

இலைகளைக் குச்சிகளில் கட்டி, குச்சிக்குக் கீழே குச்சியாகத் தொங்கவிடுவதுதான் பெரும்பாடு. மேலிருந்து கட்டிக்கொண்டு வந்து நாலு முறை அவிழ்த்தேன். கீழ்க் குச்சியை முதலில் சமனாக்கி, அதை ஒரே பாரமாக வைத்துக்கொண்டு மேல் குச்சிக்குப் போனால்தான் நிற்கிறது. கனமான பக்கம் நூலுக்குக் கிட்டே, லேசான பக்கம் எட்ட. பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் படித்தபோது நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

நிறத்துக்காகக் கீழே கிடந்த இலைகளைப் பொறுக்கி வந்து பார்த்தேன். அந்த மஞ்சள் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான், பச்சை கலைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்புதான் பெரும்பாலும் கடைசி நேரத்தில் புதிதாக உண்டாவது. ஆகவே மஞ்சள் தாள்மேல் சிவப்பைத் தேய்த்தேன். ராஜி சொன்னதும் அதுவேதான் என்று இப்போது ஒத்துக்கொள்.

சரி, இத்தனை வளவளப்பும் எதற்கு என்றால், சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

உன் தோரணத்தில் பதினொன்றாவது இலை, ஓரத்தில் இருக்குமே, கொஞ்சம் அகலமாக, அதை வெளிச்சத்தில் பிடித்தேன். ஸ்கெட்ச் பேனா நிறம் போன இடத்தில் எழுத்து தெரிந்தது. பென்சில் எழுத்து. கூட்டல் கணக்கு, ஒன்பது வரி. ஒரு 7, நடுவில் சின்னக் கோடு போட்டு. அப்படி 7 போடுகிறவர் நமக்குத் தெரிந்து ஒருவர்தான். கீழே 'மறுபடி பார்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு.

சாயம் வெயிலில் வெளுத்துப் போகும், பென்சில் கரி போகாது. ஏழு வருடமாக மேலே இருந்தது கரைந்து, அப்பா எழுதியது மட்டும் நின்றிருக்கிறது.

அவர் போன அந்த வருடம்தானே இதை எனக்கு அனுப்பினாய். வீட்டில் கிடந்த தாளையெல்லாம் வெட்டிக் கஞ்சத்தனம் செய்திருக்கிறாள் என்று அப்போது எழுதியவள் நான்தான். நீ ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. தெரிந்துதான் அந்தத் தாளை எடுத்தாயா, இல்லை கைக்கு வந்ததை வெட்டினாயா? சொல்ல வேண்டாமென்றால் விட்டுவிடு.

மற்ற இலைகளைப் புதுத் தாளில் அதே அளவுக்குச் செய்துவிட்டேன். அமிலமில்லாத தாள், வெள்ளைப் பசை, டேப் கிடையாது. இதைத் தொடவில்லை. மேலே நிறம் தீட்டவும் மனம் வரவில்லை. அமிலமில்லாத இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, புத்தக அலமாரியில் படுக்கையாக வைத்திருக்கிறேன், வெயில் படாத பக்கம்.

உனக்கு அனுப்பட்டுமா? தபாலில் போடப் பயமாக இருக்கிறது. நீ வருகிறாய் என்றால் கையில் தந்துவிடுவேன். அதுவரை தோரணத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன், அந்தப் பக்கம் ஒரு சரிவாகத்தான் தொங்குகிறது.

ஒன்பது வரியையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு ரூபாய் உதைக்கிறது.

உன்
சுபா