இரும்புக்குப் போட்ட காருக்கு ஃபைன் வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல புது கார் ஒண்ணு வந்தா கலர் படத்தோட அரைப் பக்கம் போடுறீங்க, மைலேஜ் என்ன, எத்தனை ஏர்பேக், சன்ரூஃப் இருக்கா இல்லையான்னு எல்லாம் வருது, நானும் ஒரு வரி விடாம படிக்கிற ஆளுதான். ஆனா அதே கார் ஓடி ஓஞ்சதுக்கு அப்புறம் எங்க போகுது, யாரு அதைப் பிரிக்கிறாங்க, கடைசில என்ன மிஞ்சுதுன்னு ஒரு தடவைகூட படிச்ச ஞாபகம் இல்ல. அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும், பரவால்ல, காரை அரைச்சு உலோகத்தை எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சுற ஷ்ரெட்டர் தூள் பத்தி எழுதின இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் 20 வருஷத்துக்கு மேல மெக்கானிக்கா இருந்தேன், அப்புறம் முதுகு ஒத்துழைக்காம போனதால கார் உடைக்கிற யார்டு ஒண்ணுல கணக்கு எழுதப் போய் அங்க ஒரு 6 வருஷம். இவ்வளவு பார்த்த நானே என் சொந்த வண்டியை விக்கிறப்ப கோட்டை விட்டேன், அதை எழுதவே வெக்கமா இருக்கு. 18 வருஷம் ஓட்டின கார். ஒரு புரோக்கர் வந்தாரு, "இது இரும்புக்குத்தான் சார் போகும், ஓட்டுறதுக்கு எவன் வாங்குவான்"னாரு, சரின்னு காசை வாங்கிட்டு சாவியைக் குடுத்துட்டேன், ஒரு துண்டுப் பேப்பர்கூட கேட்டு வாங்கல. ஒன்றரை வருஷம் கழிச்சு என் பேருக்கு நோ பார்க்கிங் ஃபைன் வருது! அது என் வண்டிதான் எங்கயாவது ஓடிட்டு இருந்துச்சா, இல்ல என் நம்பர் பிளேட்டையும் சேசிஸ் நம்பரையும் வேற ஏதாவது திருட்டு வண்டிக்கு மாட்டிட்டாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நம்ம ஒருத்தனோட ஏமாளித்தனம்னு இதை விட்ருக்கலாம். ஆனா ஐரோப்பாவுலயே இதான் நிலைமைங்க. அங்க 2000-லயே இதுக்குன்னு தனி சட்டம் வந்தாச்சு, வண்டியை உடைச்சுட்டோம்னு உடைக்கிறவங்க ஒரு சர்டிஃபிகேட் தரணும், அதைக் காட்டினாத்தான் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து பேரை எடுப்பாங்க. இவ்வளவு இருந்தும் வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் வண்டி எங்க போச்சுன்னே தடம் இல்லன்னு ஐரோப்பிய கமிஷனே ஒத்துக்குது.

சரி, ஒழுங்கா உடைக்கிற இடத்துக்கே போகுதுன்னு வைங்க. நிறைய பேர் நெனைக்கிறது சினிமால காட்டுற மாதிரி மேல இருந்து ஒரு பிரஸ் இறங்கும், கார் அப்பளமாகும், கதை முடிஞ்சுதுன்னு. அந்த பிரஸ் லாரியில நிறைய ஏத்தணுங்கிறதுக்காக மட்டும்தான். உண்மையான வேலை அதுக்கு முன்னாடி நடக்குது, நடக்கணும். முதல்ல பேட்டரியைக் கழட்டணும், அப்புறம் வண்டியில இருக்கிற தண்ணி எண்ணெய் எல்லாத்தையும் வடிக்கணும், பெட்ரோல் டீசல், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட். இந்த கூலன்ட் இருக்கே, அதுல இருக்கிற எத்திலீன் கிளைகால் நாக்குக்கு இனிப்பா இருக்கும், தரையில குட்டையா தேங்கி நின்னா நாயோ பூனையோ நக்கிட்டு கிட்னி போய் செத்துடும். எங்க யார்டுலயே ஒரு நாயை அப்படி இழந்தோம், அதுக்கப்புறம்தான் முதலாளி வடிக்கிற இடத்துல சிமென்ட் தரை போட்டு சுத்திக் கட்டைச் சுவர் கட்டினாரு.

ஏசி கேஸை சும்மா பைப்பை வெட்டி புஸ்ஸுன்னு காத்துல விட்டுடுவாங்க, ஒரு நிமிஷ வேலை, எந்த நாத்தமும் கிடையாது, யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பழைய வண்டிகள்ல இருந்த ஆர் 12 ஓசோனை ஓட்டை போட்டுச்சு, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு அப்புறம் அதைக் கைவிட்டு ஆர் 134ஏ வந்துச்சு, இது ஓசோனை ஒண்ணும் பண்ணாது, ஆனா பூமியைச் சூடாக்குறதுல கிலோவுக்குக் கிலோ கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கும் மேல. மெஷின் வச்சு உறிஞ்சி சிலிண்டர்ல புடிக்கலாம். ஆனா அப்படிப் புடிக்க ஆகுற நேரத்துக்குக் கூலி யாரு குடுப்பா?

ஏர்பேக் பத்தி சொல்லாம விட்டா என் கூட வேலை செஞ்ச பையன் கோவிச்சுக்குவான். பேட்டரியைக் கழட்டிட்டோமே இனி என்னன்னு ரெண்டு நிமிஷத்துல ஸ்டீரிங்ல கை வச்சான், உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல சார்ஜ் அப்படியே இருந்திருக்கு, டமார்! கட்டை விரல் ரெண்டு இடத்துல முறிஞ்சு மாசக்கணக்குல வேலைக்கு வரல. அதுக்குள்ள இருக்கிறது நெஜமான வெடிமருந்துங்க, வண்டிக்கு வயசாச்சுன்னு அது வெடிக்காம இருக்காது, நசுக்குறதுக்கு முன்னாடி கழட்டணும் இல்லன்னா தள்ளி நின்னு வெடிக்க வச்சுடணும்.

இதெல்லாம் ஆனதுக்கு அப்புறம் பார்ட்ஸ். இன்ஜின், கியர் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், கதவு, ஹெட்லைட், எது திரும்ப மாட்டுறதுக்கு ஆகுமோ அது செகண்ட்ஸ்ல போயிடும். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத்தான் முதல் நாளே அறுத்து பூட்டி வைப்பாங்க, சைலன்சர் மாதிரி இருக்கிற அந்த டப்பாவுக்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான், அதுமேல பூசியிருக்கிறது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கிராம் கணக்குதான், ஆனா ஊர் உலகத்துல எல்லா இடத்துலயும் நிறுத்தி வச்ச வண்டிக்கு அடியில படுத்து இதை மட்டும் அறுத்துட்டுப் போற திருடன் இருக்கான்னா காரணம் அந்தக் கிராம்தான்.

காசு இருக்கிற பொருளுக்கு தானா கால் முளைச்சிடும்னு எங்க முதலாளி சொல்லுவாரு. காரோட எடையில மூணுல ரெண்டு பங்கு இரும்பும் ஸ்டீலும்தான், அதுக்கு எந்த சட்டமும் தேவையே இல்ல, அது தானா உலைக்குப் போய்ச் சேந்துடும். அலுமினியமும் அப்படித்தான், மண்ணுல இருந்து புதுசா எடுக்கிறதுக்கு ஆகுற கரண்ட்ல 5 சதவீதம் போதும் பழசை உருக்க, அதனால அதையும் எவனும் குப்பையில போட மாட்டான். நம்ம பேசவேண்டியது காசு இல்லாத மிச்சத்தைப் பத்தி, அதான் வெட்டாதீங்கன்னு சொன்ன இடம்.

எல்லாம் கழட்டின வெறும் கூட்டை ஷ்ரெட்டர்ல போடுவாங்க. ஒவ்வொண்ணும் நூறு கிலோவுக்கு மேல இருக்கிற சுத்தியலுங்க ஒரு உருளையில சுத்திட்டு இருக்கும், முழு கார் ஒரு நிமிஷத்துக்குள்ள உள்ளங்கை அளவு துண்டு துண்டா வெளிய வரும். அந்த சத்தத்தை ஒரு தடவை கேட்டா மறக்க முடியாது, தரையே அதிரும். காந்தம் வச்சு இரும்பை எடுத்துடுவாங்க, எடி கரண்ட் மெஷின்ல அலுமினியம், செம்பை எல்லாம் பிரிப்பாங்க, கடைசில மிஞ்சுறதுதான் ஷ்ரெட்டர் தூள். சீட் ஸ்பாஞ்ச், துணி, ரப்பர், டேஷ்போர்டு பிளாஸ்டிக், கண்ணாடிப் பொடி, பெயின்ட், ஒயர்த் துணுக்கு, மண்ணு, எல்லாம் ஆயில்ல ஊறி ஒரு பழுப்புக் கலர் பஞ்சு மாதிரி. வண்டி எடையில சுமார் அஞ்சுல ஒரு பங்கு, சில சமயம் அதுக்கும் மேல. இதை வாங்க ஆள் கிடையாது, இதை ஒழிக்கத்தான் காசு குடுக்கணும்.

காசு குடுக்க மனசில்லாட்டி என்ன ஆகும்ங்கிறதுக்கு ஜப்பான்ல டெஷிமான்னு ஒரு சின்ன தீவு இருக்கு. 1970-கள் கடைசில இருந்து 1990 வரைக்கும் ஒரு ஆளு இந்தத் தூளையும் மத்த ஃபேக்டரிக் கழிவையும் அங்க கொண்டு போய்க் கொட்டி, திறந்தவெளியில எரிச்சுகிட்டே இருந்தான், அந்த ஊர் ஜனங்க வருஷக்கணக்கா கத்தினாங்க, போலீஸ் உள்ள போனது 1990-லதான். அதைச் சுத்தம் பண்ணி கழிவை வேற தீவுக்கு கப்பல்ல கொண்டு போய் உருக்குற வேலை 2003-ல ஆரம்பிச்சு 2017 வரைக்கும் நடந்துச்சு, 9 லட்சம் டன்னுக்கு மேல. கொட்டினது கிட்டத்தட்ட 12 வருஷம், அள்ளினது 14 வருஷம், நடுவுல சண்டை போட்ட வருஷமெல்லாம் தனிக்கணக்கு.

அந்தச் சூட்டுலதான் ஜப்பான்காரங்க 2005-ல ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமே அதோட எளிமைதான். புது கார் வாங்குறப்பவே அதை உடைக்கிறதுக்கான காசையும் கட்டிடணும். எதுக்குன்னு பாருங்க, ஏசி கேஸ், ஏர்பேக், ஷ்ரெட்டர் தூள், இந்த மூணுக்கு. அதாவது வாங்க ஆள் இல்லாத மூணு. வண்டியை இடையில வேற ஆளுக்கு வித்தா கட்டின காசும் வண்டியோட கூடவே புது ஓனருக்கு மாறிடும். கடைசி ஓனர் தலையில எல்லாத்தையும் கட்டினா அவன் என்ன பண்ணுவான், என்னை மாதிரி புரோக்கர்கிட்ட தள்ளிட்டு நிம்மதியா தூங்குவான்.

காசு இருக்கிற பொருளும் தப்பான கையில போனா ஆளைக் கொல்லும், அதையும் சொல்லணும். கார் பேட்டரி எடையில பாதிக்கும் மேல ஈயம், அதுக்கு நல்ல கிராக்கி. செனகல் தலைநகர் டாக்கர் பக்கத்துல தியாரோயேன்னு ஒரு இடம், அங்க பொம்பளைங்க பேட்டரியை உடைச்சு மண்ணுல கலந்து கிடந்த ஈயத்தை சல்லடை போட்டுச் சலிச்சு வித்துட்டு இருந்தாங்க, புள்ளைங்க பக்கத்துலயே விளையாடிட்டு இருக்கும். 2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 குழந்தைங்க செத்துப் போச்சு, ஆரம்பத்துல காரணமே புரியல, ரத்தத்தை டெஸ்ட் பண்ணினப்பதான் ஈயம்னு தெரிஞ்சுது. பேட்டரி ரீசைக்கிள்ங்கிறது நல்ல வார்த்தைதான், எந்த இடத்துல யாரோட கை அதைப் பண்ணுதுங்கிறதையும் சேர்த்துக் கேக்கணும்.

டயர் ஒரு தனித் தலைவலி, கந்தகம் போட்டு வல்கனைஸ் பண்ணின ரப்பரைத் திரும்பப் பழைய ரப்பராக்குறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 1970-கள்ல ஃப்ளோரிடா கடல்ல மீன் தங்குறதுக்கு திட்டு கட்டுறோம்னு 20 லட்சம் டயரை முக்கினாங்க. கட்டு அறுந்து டயரெல்லாம் அலையில உருண்டு பக்கத்துல இருந்த நெஜப் பவளத்திட்டையே சிதைச்சுது. மீன் பெருசா வந்து குடியேறவும் இல்ல.

பழைய வண்டியை சீக்கிரம் உடைச்சுட்டா ஊருக்கே நல்லதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அதுல எனக்கு பாதி சம்மதம்தான். 2009-ல அமெரிக்காவுல பழைய வண்டியைக் குடுத்தா புதுசு வாங்க அரசாங்கமே காசு குடுத்துச்சு, கிட்டத்தட்ட 6 லட்சத்து 80 ஆயிரம் வண்டி வந்துச்சு. அந்த இன்ஜினை யாரும் திரும்ப ஓட்டிடக் கூடாதுன்னு ஆயிலை வடிச்சுட்டு சோடியம் சிலிகேட் கரைசலை ஊத்தி இன்ஜினை ஓட விடுவாங்க, சூட்டுல அது கண்ணாடி மாதிரி இறுகி இன்ஜின் கத்திக் கத்தி அப்படியே சிக்கி நின்னுடும். மெக்கானிக்கா இருந்தவனுக்கு அந்த வீடியோ பார்க்க முடியாதுங்க. புகை கக்குற வண்டி போகட்டும், நல்லா இருந்த இன்ஜினும் அதுல எத்தனையோ போச்சு, அதுல பொழைச்சிருக்க வேண்டிய வேற வண்டிங்களும் பார்ட்ஸ் கிடைக்காம போயிருக்கும்.

அந்தப் பக்கம் அப்படின்னா இந்தப் பக்கம் கப்பல். 2015-ல இருந்து 2018-க்குள்ள உலகம் முழுக்க 1 கோடியே 40 லட்சம் பழைய சின்ன வண்டிங்க ஏற்றுமதி ஆச்சுன்னு ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2020-ல கணக்கு குடுத்துச்சு, 80 சதவீதம் போனது வசதி கம்மியான நாடுகளுக்கு, அதுலயும் அதிகமா போனது ஆப்பிரிக்காவுக்கு. அனுப்பின நாட்டு ரிப்போர்ட்ல தெரு சுத்தமா இருக்கும், தூளும் டயரும் ஈயமும் வாங்கின நாட்டுக் கணக்குல ஏறும்.

இப்ப எலக்ட்ரிக் கார் வேற. அதோட பேட்டரி பழைய பவர்ல 70, 80 சதவீதத்துக்கு இறங்கினாலும் வீட்டு கரண்ட்டையோ சோலார் கரண்ட்டையோ சேமிச்சு வைக்க இன்னும் சில வருஷம் ஆகும், அது நல்ல விஷயம். ஆனா உடைக்கிறவனுக்கு அது 400 வோல்ட்டு, சில வண்டியில 800, தப்பா குத்திட்டா தானா சூடாகி எரிய ஆரம்பிச்சு அணைச்சாலும் திரும்பப் பத்திக்கும். கோபால்ட், நிக்கல் இருக்கிற பேட்டரியை ஆளுங்க தேடி வந்து வாங்குறாங்க, இப்ப விலை கம்மின்னு நிறைய வர்ற எல்எஃப்பி பேட்டரியில அது ரெண்டும் கிடையாது, லித்தியத்தோட இரும்பும் பாஸ்பேட்டும்தான். எங்க முதலாளி கணக்குப்படி பார்த்தா அதுக்கு கால் முளைக்கிறது கஷ்டம். நாளைக்கு இன்னொரு தூள் கதை இங்கதான் ஆரம்பிக்கும்னு எனக்கு ஒரு பயம் இருக்கு.

ஆசிரியர் சார், அடுத்த தடவை புது மாடல் பத்தி எழுத உங்க நிருபர் கம்பெனிக்காரங்களைப் பார்க்கப் போறப்ப, மைலேஜ் கேக்குற அதே மூச்சுல இதையும் கேக்கச் சொல்லுங்க, இந்த டேஷ்போர்டை ஸ்குரூ போட்டு மாட்டினீங்களா பசை போட்டு ஒட்டினீங்களா, இந்த பேட்டரி பேக்கைக் கழட்ட ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும், இது செத்ததுக்கு அப்புறம் செலவு யாரோடதுன்னு. என்ன பதில் வந்தாலும் போடுங்க, பதில் வரலன்னா வரலன்னு போடுங்க. வாசகர்களுக்கு நான் சொல்ல ஒண்ணுதான் இருக்கு, வண்டியை உடைக்கக் குடுத்தா உடைச்சதுக்கு எழுத்துல வாங்குங்க, ரெஜிஸ்ட்ரேஷன்ல பேரை எடுத்தாச்சான்னு நீங்களே போய்ப் பாருங்க. அந்த நோ பார்க்கிங் ஃபைனை, அது என் வண்டி இல்லன்னு நிரூபிக்க எந்தப் பேப்பரும் இல்லாததால, நான்தான் கட்டினேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெக்கானிக்