கிருஷ்ண மேனனின் முதல் பதவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சி மன்றங்களில் தொடங்கி நாடாளுமன்றம் வரை சென்ற தலைவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சேலம் நகராட்சியில் ராஜாஜி, அகமதாபாத்தில் படேல், அலகாபாத்தில் நேரு என்று பலரும் அறிந்த பெயர்களோடு பின்னாளில் நாட்டின் பாதுகாப்பு அமைச்சரான வி. கே. கிருஷ்ண மேனனுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால், 1953இல் மாநிலங்களவைக்கு வந்ததுதான் அவர் வகித்த முதல் மக்கள் பிரதிநிதிப் பொறுப்பு என்ற தொனியில் அந்த வரி அமைந்திருப்பது சரியன்று. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே, 1934இல், லண்டனின் செயின்ட் பான்க்ரஸ் நகர்மன்றத்துக்குத் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று வென்று, 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் தூதராக அதே நகரில் நியமிக்கப்படும் வரை கவுன்சிலராக இருந்தவர் அவர்.

மலபாரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நிழலில் சில காலம் இருந்துவிட்டு 1924இல் லண்டனுக்குக் கப்பலேறியவர் மேனன். இந்திய விடுதலைக்காக லண்டனில் பரப்புரை செய்த இந்தியா லீக் அமைப்பின் செயலாளராக அவர் ஆற்றிய பணி வரலாற்று நூல்களில் போதிய அளவு பதிவாகியிருக்கிறது. ஆனால், யூஸ்டன், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையங்களைத் தன் எல்லைக்குள் கொண்ட, நெருக்கமான குடியிருப்புகள் நிறைந்த ஒரு நகர்ப் பகுதியின் மக்கள், தங்கள் தெருப் பிரச்சினைகளைப் பேச ஒரு மலபார்க்காரரை மன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பதும், அதுவும் இந்தியாவை அவர்கள் அரசு ஆண்டுகொண்டிருந்த காலத்தில் அனுப்பினார்கள் என்பதும் ஏனோ ஓரிரு சொற்களில் கடந்துபோகப்படுகின்றன.

நூலகத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அவர் அங்கே நூலகக் குழுவின் தலைவராக இருந்ததைத்தான் நான் முதன்மையாகக் கருதுகிறேன். இங்கிலாந்தில் நூலகத்துக்கென வீட்டு வரியில் எடுக்கக்கூடிய தொகைக்கு இருந்த உச்சவரம்பு 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டுவிட்டது. எனவே, ஒரு பகுதியில் எத்தனை நூலகங்கள் இருக்கும், அவற்றில் எத்தனை புத்தகங்கள் இருக்கும் என்பதெல்லாம் அந்தந்த மன்றத்தின் மனத்தைப் பொறுத்தவையாகின. குழுத் தலைவர் பிடிவாதக்காரராக இருந்தால் பணம் வந்தது, இல்லையேல் சாலைக்கும் சாக்கடைக்கும் போனது. மேனனின் பிடிவாதத்தைப் பிற்காலத்தில் தில்லியில் பலரும் குறையாகச் சொன்னார்கள். செயின்ட் பான்க்ரஸில் அது பயன்பட்டது. அந்தப் பகுதியில் மதுக்கடைகள் எத்தனை உண்டோ அத்தனை நூலகங்கள் வேண்டும் என்பது அவருடைய இலக்காக இருந்ததாகச் சொல்வார்கள். வாகனத்தில் புத்தகங்களைக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தையும், சிறுவர்களுக்கெனத் தனிப் பகுதியையும் அவர் காலத்தில் அங்கே கொண்டுவந்தார்கள். மலிவு விலை பெலிகன் நூல்வரிசையின் தொடக்கத்தில் அவர் பதிப்பாசிரியர்களுள் ஒருவராக இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது தற்செயலாக வாய்த்த பொறுப்பாகத் தோன்றவில்லை. நம் மாநிலத்தில் வீட்டு வரி ரசீதிலேயே நூலக வரி என்று ஒரு தொகை இருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைப்பதோடு சரி, வார்டு உறுப்பினருக்கு அதற்கப்பால் பெரிதாக வேலையில்லை.

போர்க்காலத்தில் அதே பகுதியில் விமானத் தாக்குதல் காப்புத் தொண்டராகவும் அவர் பணிபுரிந்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே அவர் போயிருக்கக்கூடும்: 1939இல் ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதிக்குத் தொழிற்கட்சி வேட்பாளராகத் தேர்வு செய்யப்பட்டு, பின்னர் கட்சியோடு ஏற்பட்ட முரண்பாட்டால் அது கைநழுவியது.

இந்திய நாடாளுமன்றத்தில் அவர் வாழ்வு இதற்கு நேர்மாறானது. லண்டனில் 13 ஆண்டுகள் ஒரே மன்றத்தில் அமர்ந்தவருக்கு இங்கே நிலையான தொகுதி என்று ஒன்று வாய்க்கவேயில்லை. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குச் சென்றார். மலபார் அப்போது சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் அதில் வெளியார் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1956இல் மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது மலபார் கேரளத்தோடு போயிற்று. 1957இல் வடக்கு பம்பாயிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1962இல் அதே தொகுதியில் ஆச்சார்ய கிருபளானியைச் சுமார் 1,45,000 வாக்குகள் வித்தியாசத்தில் வீழ்த்தினார். என் கணிப்பில், அந்த இரு வெற்றிகளிலும் நேருவின் செல்வாக்குக்கும் காங்கிரஸ் அமைப்பின் உழைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டின் இறுதியில் சீனப் போரின் தோல்வியை முன்னிட்டு அவர் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்தார். அந்தத் தோல்வியில் அவருக்கிருந்த பொறுப்பைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. 1967இல் அவர் மகாராஷ்டிரர் அல்லர் என்று காரணம் கூறிக் கட்சி வாய்ப்பளிக்க மறுத்தது. சுயேச்சையாக நின்று தோற்றார், வென்ற எஸ். ஜி. பர்வே விரைவிலேயே காலமானதால் வந்த இடைத்தேர்தலிலும் தோற்றார். பிறகு 1969இல் வங்காளத்தின் மேதினிபூரிலும் 1971இல் திருவனந்தபுரத்திலும் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக வென்று, 1974 அக்டோபர் 6ஆம் நாள் இறக்கும்போதும் உறுப்பினராகவே இருந்தார்.

பம்பாயில் வெளியார் என்று கருதப்பட்ட இவருக்கு, நகர்மன்றப் பொறுப்பை விட்டு எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும், 1955இல், செயின்ட் பான்க்ரஸ் நகர்மன்றம் தனது மிக உயர்ந்த கௌரவமான நகர உரிமையை வழங்கியது. அவருக்கு முன் அதைப் பெற்றவர் பெர்னார்ட் ஷா. அவரும் அதே மன்றத்தில் முன்னொரு காலத்தில் உறுப்பினராக இருந்தவர்தான். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் காஷ்மீர் குறித்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் பேசியவர் என்று மேனனைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் பொது அறிவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். கவுன்சிலர்களைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு கட்டுரையிலாவது அவருடைய கவுன்சிலர் காலம் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

அக்கட்டுரை நூலாகத் தொகுக்கப்பட இருப்பதாக அதன் அடிக்குறிப்பில் கண்டேன். அப்போது 1934 முதல் 1947 வரையிலான இந்தப் பகுதியையும் சேர்த்து, 1953 பற்றிய வரியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்,
கோயம்புத்தூர்