இலை முந்நூறு, பத்திரிகை ஐந்நூறு

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று என்று அம்மா சொன்னாள், நிம்மதி. உன் சித்திரை மாதக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இது வேறு விஷயம். போனில் சொன்னால் 'சரிடா, சரிடா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன வியாழக்கிழமை ராத்திரி 2 மணிக்கு மில்லிலிருந்து போன். நைட் ஷிப்ட் மேஸ்திரி. "சார், கோன் எடை போடுற கம்ப்யூட்டர் அப்படியே நிக்குது." ஐந்து நிமிஷத்தில் கேட்டிலிருந்து இன்னொன்று: விரல் வைக்கிற மெஷினிலிருந்து பதிவு ஏறவில்லையாம். எடை ஒரு விஎம், வருகை ஒரு விஎம், அதாவது சர்வருக்குள்ளே சாஃப்ட்வேராக ஓடுகிற இரண்டு தனிக் கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, இரண்டும் ஒரே சர்வரில் இருக்கின்றன என்பதைத் தவிர. அப்போதே வயிற்றில் புளி கரைத்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு போய், விஎம்களை நிர்வகிக்கிற ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கத்தைத் திறந்தேன். இடப்பக்கம் ஒன்பது விஎம்கள், அதில் ஏழின் மேல் மஞ்சள் முக்கோணம். ஒன்றைத் தட்டினால் 'ஐஓ எரர்', டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று. அணையவும் இல்லை, ஓடவும் இல்லை. எழுதிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறது. ஷெல்லில், டிஸ்க் இடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற 'எல்விஎஸ்' கமாண்டை அடித்தேன். எல்லா விஎம்மும் இடம் எடுக்கிற பொது டிஸ்க் தொட்டியான தின் பூலுக்கு நேரே, டேட்டா பத்தியில் 100.00 சதவீதம். கண்ணை மூடினால் இன்னும் அந்த எண்தான் வருகிறது.

பூலில் இருப்பது 900 ஜிபி. ஒன்பது விஎம்முக்கும் சேர்த்து நான் எழுதிக் கொடுத்தது 1500. தெரிந்தேதான் கொடுத்தேன். தின் என்றால் 200 ஜிபி என்று சொன்னாலும் விஎம் எழுதிய அளவுக்குத்தான் இடம் போகும். கல்யாணத்துக்கு ஐந்நூறு பத்திரிகை வைத்துவிட்டு முந்நூறு இலைக்குச் சமைப்பதுபோல. அதில் தப்பில்லை, ஊரெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பந்தியை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நான் வைக்கவில்லை.

இடத்தைத் தின்றவை இரண்டு. மார்ச்சில் கணக்கு சாஃப்ட்வேரை அப்டேட் செய்யும் முன், டிஸ்க் அப்போதிருந்த நிலையைப் பிடித்து வைக்கிற ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன். வேலை முடிந்ததும் அழித்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது இடமே பிடிக்காது, அதனால்தான் மறந்துபோகிறது. ஆனால் அதற்குப் பிறகு மாறுகிற ஒவ்வொரு பிளாக்குக்கும், அதாவது டிஸ்க் துண்டுக்கும், பழையதையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். கணக்கு டேட்டாபேஸோ நாள் முழுக்க எழுதுகிறது. இரண்டாவது, டிஸ்க் அமைப்பில் 'டிஸ்கார்ட்' டிக் போடாதது. விஎம்முக்குள்ளே ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடம் காலியானது சர்வருக்குத் தெரியாது. ஃபைல் சர்வர் உள்ளே 80 ஜிபிதான் காட்டியது. வெளியே பார்த்தால் 190 பிடித்து உட்கார்ந்திருந்தது.

ஸ்னாப்ஷாட்டை அழித்ததும் 100 என்பது 78 ஆனது. ஒவ்வொன்றாக ரெஸ்யூம் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து எழுந்தன. வருகை விஎம் மட்டும் எழவில்லை, ஃபைல் சிஸ்டம் உடைந்திருந்தது. ராத்திரி 11 மணி பேக்கப்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் எடுக்கிற பேக்கப், ஒருநாள்கூடத் திருப்பிப் போட்டுப் பார்த்ததில்லை. அந்த இருபது நிமிஷம் நான் கும்பிடாத சாமி இல்லை. வந்துவிட்டது. இடையில் விழுந்த பதிவுகள் விரல் மெஷினின் மெமரியிலேயே இருந்தன, அவையும் ஏறிவிட்டன. ஒரு தொழிலாளிக்கும் அரை நாள் சம்பளம்கூடப் போகவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் பாலிடெக்னிக் லேபுக்கு சர்வர் போட்டபோது, "தாராளமா எழுதிக்கொடு மாப்ள, எழுதுனாத்தானே எடுக்கும்" என்று சொன்னவன் நான். நீயும் அச்சு மாதிரி ஒரு டெம்ப்ளேட் விஎம் செய்து, அதையே பகிர்ந்துகொள்கிற 30 லிங்க்டு க்ளோன், ஆளுக்கு 40 ஜிபி. 1200 ஆயிற்று. உன்னிடம் இருப்பதோ 500. க்ளோன்கள் வித்தியாசத்தை மட்டும் எழுதுவதால் இன்றைக்குக் கைப்பிடி அளவுதான் இருக்கும். பிள்ளைகள் லீவு முடிந்து வந்து முப்பதையும் ஒரே காலையில் திறப்பார்கள். முப்பது விண்டோஸும் தனித்தனியாக அப்டேட்டை இறக்கும். டெம்ப்ளேட்டில் பொதுவாக இருந்தது முப்பது இடத்தில் தனியாக எழுதப்படும். பிராக்டிகல் தேர்வு அன்றைக்கு முப்பது மஞ்சள் முக்கோணத்தை நீ பார்ப்பாய் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால், டெம்ப்ளேட்டின் முழு நகல் ஒன்றில் அப்டேட்டைப் போட்டு, அதைப் புது டெம்ப்ளேட்டாக்கி, க்ளோன்களைப் புதிதாக எடு. டெம்ப்ளேட் டிஸ்க்கிலேயே டிஸ்கார்டை டிக் செய்துவிடு. உன் லினக்ஸ் விஎம்களில், காலியான இடத்தைச் சர்வருக்குத் தெரியப்படுத்துகிற 'எஃப்எஸ்ட்ரிம்' ஓட்டு. இங்கே ஓட்டியபோது 78 கண்ணெதிரே 61 ஆனது, குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குகிற மாதிரி. எல்விஎஸ்ஸில் டேட்டாவுக்குப் பக்கத்தில் மெட்டா என்று ஒரு பத்தி இருக்கும், எந்த பிளாக் யாருடையது என்ற கணக்குப் புத்தகம் எவ்வளவு நிறைந்தது என்பது, அதையும் பார். அது நிறைந்தால் இதைவிட மோசம், பூலையே பழுது பார்க்க வேண்டிவரும். பேக்கப்பை வேறு பெட்டியில் வை. ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது, டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்து போகும். பேக்கப்பை எடுத்துப் போட்டுப் பார்க்கும்போது, புது நெட்வொர்க் அடையாளம் தருகிற 'யுனிக்' டிக் செய்து, நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு பூட் செய். இல்லையென்றால் ஒரே ஐபியில் இரண்டு பேர் நிற்பார்கள், வார்டன் முன்னால் நீயும் நானும் நின்ற மாதிரி.

2009இல் உன் ரூமில் 1 ஜிபி ராமில் பாதியைப் பிரித்து, எக்ஸ்பிக்குள் உபுண்டுவை ஏற்றினாயே, மெஸ் மணி அடித்தும் ஒருத்தனும் நகரவில்லை. கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் என்பதை நான் முதலில் பார்த்தது உன் கையில். நீ கற்றுக்கொடுத்த விஷயத்தில் உனக்கே நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன் என்பதுதான் உறுத்துகிறது.

கடிதம் கிடைத்ததும் முதல் பீரியடுக்கு முன்னால் டேட்டா, மெட்டா இரண்டு எண்களையும் மெசேஜ் போடு. டேட்டா 70ஐத் தாண்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பிவிடுவேன். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அத்தையிடம் எனக்கு வத்தக்குழம்பு மட்டும் போதும் என்று சொல்.

உன்,
மச்சான்