எண்கோண மண்டபத்தின் வெளியே

திருகோணமலை

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பதை அறிந்து ஆறுதலடைந்தேன். மகளின் பட்டமளிப்பு விழாவைப் பற்றி விரிவாக எழுதும்படி கேட்டிருந்தாய். விழாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. அது நடந்த இடத்தைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்கவும் முடியாது.

1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு கொழும்பில் நடந்தபோது, உட்துறைமுக வீதியில் உங்கள் வீட்டு விறாந்தையில் வானொலியைச் சுற்றி நாம் அமர்ந்திருந்ததும், டிட்டோவும் இந்திரா காந்தியும் வந்திருக்கும் அந்த மண்டபத்துக்குள் ஒரு நாளாவது நுழைந்துவிட வேண்டும் என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறதா? பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபமாகிய அதே இடத்தில்தான் விழா.

இரவு அஞ்சல் புகையிரதத்தில் சென்று விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினோம். ஒரு பட்டதாரிக்கு இரண்டு அனுமதி அட்டைகளே கொடுத்திருந்தார்கள். பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் மாமி என்பதால், அவரையும் மனைவியையும் உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்றுகொண்டேன். இதைத் தியாகம் என்று எண்ணிவிடாதே. மாமிக்கு முன்னால் ஓர் அட்டையை எனக்கென்று எடுத்துக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை.

ஆகவே மூன்று மணி நேரம் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்தேன். சீனாவின் அன்பளிப்பாகக் கட்டப்பட்டு 1973 மே 17 அன்று திறக்கப்பட்ட அந்த மண்டபம் எட்டுப் பக்கங்களைக் கொண்டது. உயரமான வெள்ளைத் தூண்கள் சுற்றிலும் நின்று, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்ட கூரையைத் தாங்குவதால், கொழும்பு வெயில் சுவரில் நேரே விழுவதில்லை. அரண்மனை ஒன்றை எதிர்பார்த்துப் போன எனக்கு, அந்த நிழல்தான் பிடித்துப்போனது. எட்டுப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்ததால், புறப்பட்ட வாசலைத் தவறவிட்டுக் கோணேசரை வலம் வருவதுபோல் இரண்டு தரம் சுற்றிவிட்டேன்.

எதிரே, பௌத்தாலோக மாவத்தையின் மறுபக்கத்தில், அவுக்கன புத்தர் சிலையின் பிரதி நிற்கிறது. மூலச்சிலை இருக்கும் ஊரின் வழியாகத்தான் எங்கள் வண்டி முதல்நாள் இரவு வந்தது. அப்போது நான் நல்ல உறக்கத்தில் இருந்தேன். மூலத்தை உறங்கிக் கடந்தவன் பிரதியை வெயிலில் நின்று பார்த்தேன் என்பதை உனக்கு மட்டும் சொல்கிறேன்.

விழா முடிந்து மகள் அங்கியோடு வந்தபோது கண் கலங்கியது உண்மை. பிறகு, நாற்பது ஆண்டுக்கும் மேலாக நீயும் நானும் அறிய விரும்பியதை மாமியிடம் கேட்டேன்: உள்ளே மண்டபம் எப்படி இருக்கிறது?

“சரியான குளிர், தம்பி,” என்றார்.

செப்டெம்பரில் அந்த வளாகத்தில் புத்தகக் கண்காட்சி நடப்பது வழக்கம். ஊருக்கு வருவதாயிருந்தால் அந்த மாதம் பார்த்து வா. இருவருமாகப் போகலாம்; மாமியிடம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நண்பன்