திலகாவுக்கு, பென்னாகரத்திலிருந்து

அன்புள்ள திலகா,

கடிதம் கிடைத்தது. பேரன் மொட்டையடித்த போட்டோவை அங்கன்வாடிக்கே கொண்டுபோய்க் காட்டினேன். "திருஷ்டி சுத்திப் போடச் சொல்லுங்க டீச்சர்" என்றார் ஆயாம்மா. சொல்லிவிட்டேன், சுற்றிப் போடு.

ரேஷனில் அரிசி சும்மா, அங்கன்வாடியில் முட்டை, பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் சாப்பாடு, அப்புறமும் உங்க ஊர்ப் பிள்ளைகள் ஏன் வெளிறிக் கிடக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாலில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாட்டின் சராசரியைவிட நாம் தேவலை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அரிசிக்குப் பஞ்சமில்லைதான். காலையில் டீயில் வர்க்கியை நனைத்துக் கொடுக்கிறார்கள், மதியம் சோறும் ரசமும். வயிறு நிறைந்துவிடும், ரத்தம் எங்கிருந்து ஊறும்? சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் டீ உடம்பில் சேரவிடாது. நம் சின்ன வயதில் களியாவது இருந்தது. 2023இல் நீலகிரியிலும் நம் தருமபுரி மாவட்டத்திலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதைக் காயவைத்து, மில்லுக்குக் கொண்டுபோய், களி கிண்ட வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே. இங்கே பாதி வீடுகளில் அப்பாவும் அம்மாவும் உங்க பெங்களூரில்தான் சித்தாள் வேலை பார்க்கிறார்கள்.

போன மாதம் ஒன்றரை வயதுப் பையன் ஒருவனின் புஜத்தில் அளவு நாடாவைச் சுற்றினேன். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான சத்துக்குறைவு. இவனுக்குச் சிவப்பு. பாட்டிதான் வளர்க்கிறார். பெரியாஸ்பத்திரியில் சேர்த்து ரெண்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்க்கணும் என்றேன். "நான் அங்க உக்காந்துட்டா இவன் அக்காள யாரு பாக்குறது, ஆட்ட யாரு ஓட்டுறது?" என்றார். வைத்தியம் இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. அந்தப் பாட்டிக்கு அதெல்லாம் பிரச்சினையே இல்லை, பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள்தான் இல்லை. அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை, அந்த ரெண்டு ஆடுதான் அந்த வீட்டின் சேமிப்பு.

சத்துமாவும் அப்படித்தான். பொட்டலம் சின்னவனுக்கென்று கொடுக்கிறோம். அக்காள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவனுக்கு மட்டும் எப்படி ஊட்டுவது? உருண்டை பிடித்தால் ரெண்டு பேருக்கும் பங்கு. குடற்புழு மாத்திரையும் கொடுக்கிறோம். ஆனால் வெறுங்காலோடு காட்டுப்பக்கம் ஒதுங்குகிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு மறுபடியும் ஏறிவிடும்.

எனக்குப் பெரிய ஆதங்கம் இதுதான்: பள்ளிக்கூடத்துச் சாப்பாடு ஐந்து வயதில்தான் கைக்கு எட்டுகிறது. ரெண்டு வயதுக்குள் விட்ட வளர்த்தியை அப்புறம் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். அந்த வயதில் அம்மா பக்கத்தில் இருக்கணும். 1996ஆம் வருடக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கணும் என்று எழுதினார்கள். ஒரே மேஸ்திரியிடம் 50 பெண்களை நீ எங்கே பார்த்திருக்கிறாய்?

பையனுக்கு இப்போது வீட்டிலேயே கவனிப்பு. நர்சம்மா வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறார். நாடா மஞ்சளுக்கு வந்திருக்கிறது. சளிதான் இன்னும் விடவில்லை. கேஸ் சிலிண்டர் மூலையில் கிடக்கிறது, விறகு அடுப்புப் புகையில் படுக்கிறான், எப்படி விடும்?

உன் வீட்டு எதிரில் அடுக்குமாடி எழும்புகிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே தகரக் கொட்டகையில் பிள்ளைகள் இருந்தால் தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேள். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் அரசு ஆஸ்பத்திரியில் போடுவார்கள், அது அவர்களுக்குத் தெரிவதில்லை. தமிழில் கேட்டாலே பாதிப் பேர் நம்ம பக்கத்துக்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வருவதாகச் சொன்னாய். கூட்டத்துக்கு முன்னாலேயே, ஒரு நாள் முந்தி வந்துவிடு. களியும் கீரைக் கடைசலும் நான் செய்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா